அந்த 34 பக்கத்தை அச்சடிக்க வேண்டாம்: இங்கிலாந்தின் தமிழ் ஜிபிக்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தில் ஜிபி பிராக்டிஸ், அதாவது குடும்ப டாக்டர் கிளினிக், நடத்தும் தமிழ் டாக்டர்களுக்கும், அங்கே மேனேஜர்களாக இருக்கும் அண்ணன், அக்காமாருக்கும்,

வணக்கம்.

நான் வடமேற்கு லண்டனில் பிராக்டிஸ் மருந்தாளுநர். கடையில் நின்று மருந்து கொடுப்பவன் இல்லை; டாக்டர்கள் எழுதிய மருந்துகளைப் பின்னறையில் உட்கார்ந்து சரிபார்ப்பவன். மாதாமாதம் மருந்துச் செலவு அறிக்கை எடுத்துக் கொடுப்பதும் என் வேலைதான். இந்த மடலின் சாரத்தை, அதாவது என்ன கேள்வி என்று முடிவு செய்யாமல் அந்த அறிக்கையை எடுக்கச் சொல்லாதீர்கள் என்பதை, ஆங்கிலத்தில் மின்னஞ்சலாக இரண்டு முறை சிலருக்கு அனுப்பிப் பார்த்தேன். "நன்றி, பார்த்தோம்" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதனால் இந்த முறை தமிழில், எல்லோருக்கும் சேர்த்து.

போன வருடம் ஒரு பிராக்டிஸில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஊர், எந்த பிராக்டிஸ் என்பது வேண்டாம். புதன்கிழமை மதியக் கூட்டம். மேசை நடுவில் சமோசா தட்டு, ஆளுக்கொரு வண்ண அறிக்கை, 34 பக்கம். பன்னிரண்டாம் பக்கத்தில் டாக்டர்வாரியாகச் செலவு. எல்லோருடைய கோடும் குட்டையாக இருக்க, ஒருவர் பெயரில் மட்டும் சிவப்புக் கோடு பக்கத்தின் ஓரம்வரை போயிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருகிறவர் அவர்; இளையவர்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யாரும் திட்டவில்லை. ஒருவர் மட்டும் சிரித்தபடி, "அக்கா தாராள மனசு" என்றார். அந்த வாரம் முழுக்க வழக்கமான மருந்தை மறுபடி கேட்டு வரும் ரிப்பீட் விண்ணப்பங்களை அக்கா தொடவில்லை. வெள்ளிக்கிழமை மாலை வரவேற்பு மேசையில் இன்சுலின் கேட்டு மூன்று பேர் நின்றார்கள்.

காரணத்தைத் தேடியபோது ஒன்றுமே இல்லை. அதற்கு முந்தைய வருடம் ஓய்வு பெற்ற பார்ட்னர் டாக்டர் ஒருவரின் நோயாளிகள் அத்தனை பேரையும் கம்ப்யூட்டரில் அக்காவின் பெயருக்கு மாற்றியிருக்கிறார்கள். இரண்டு முதியோர் இல்லங்களும் அதில் அடக்கம். ரிப்பீட் படிவத்தில் யாருடைய எண் அச்சாகிறதோ, செலவு அவர் கணக்கில் ஏறும். மருந்தை முதலில் தொடங்கியவர் யார், அந்த நோயாளியைக் கடைசியாகப் பார்த்தவர் யார் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குத் தெரியாது. தற்காலிகமாக வந்து போகும் லோக்கம் டாக்டர்கள் எழுதியதும் பெரும்பாலும் இப்படித்தான் யாரோ ஒருவர் தலையில் விழுகிறது. அறிக்கையை எடுத்துக் கொடுத்தவன் நான். கூட்டத்துக்கு முன்பே இதைப் பார்த்திருக்க வேண்டியவனும் நான்தான்.

வெளியிலிருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. இங்கே நோயாளி கடையில் கொடுப்பது ஒரு மருந்துக்கு இவ்வளவு என்ற ஒரே கட்டணம். 2024 மே மாதம் அது 9.90 பவுண்டு ஆனது. பெரும்பாலானோருக்கு அதுவும் இல்லை. முதியவர்கள், குழந்தைகள், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் எல்லாம் விலக்குப் பெற்றவர்கள். கடைக்காரருக்கு மருந்தின் விலையை அரசின் மருத்துவச் சேவையான என்எச்எஸ் கொடுக்கிறது. எந்த பிராக்டிஸில் எழுதப்பட்டதோ, அதன் பெயரில் அந்தச் செலவு பதிவாகிறது. 2023-24 நிதியாண்டில் இங்கிலாந்து முழுக்க இப்படிக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் செலவு சுமார் 1,090 கோடி பவுண்டு. ஆகவே கணக்குப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எந்தக் கேள்விக்காகப் பார்க்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு அறிக்கை எடுங்கள் என்கிறேன்.

உங்களில் மூத்தவர்களுக்குப் பாக்ட் என்ற பழைய மருந்துச் செலவு அறிக்கைகள் நினைவிருக்கும். 1988-இல் தொடங்கியவை, காகிதத்தில் வரும். வந்ததைத்தான் படிக்க முடியும். இப்போது அதன் இணைய வடிவமான ஈபாக்ட்2 இருக்கிறது. எந்தக் காலம், எந்த மருந்து வகை, எண்ணிக்கையா, அளவா, செலவா என்று நாமே தேர்ந்தெடுத்து நமக்கு வேண்டியபடி வெட்டி எடுக்கலாம். எந்த பிராக்டிஸ் என்ன எழுதுகிறது என்று காட்டும் ஓப்பன்பிரிஸ்கிரைபிங் இணையதளத்தை ஆக்ஸ்போர்டில் பென் கோல்டேக்கர் குழு 2015-இல் தொடங்கியது. அதைப் பார்க்கக் கடவுச்சொல்கூட வேண்டாம், எந்த பிராக்டிஸையும் எவரும் பார்க்கலாம். இவ்வளவு வசதி வந்த பிறகும் "எல்லாவற்றையும் போட்டு ஒரு அறிக்கை எடு தம்பி" என்றுதான் கேட்கிறோம். சாப்பாட்டுக் கடைக்குப் போய் மெனுவில் உள்ள எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்ன மாதிரி.

இந்தத் தரவு எங்கிருந்து வருகிறது என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. நீங்கள் எழுதியது அல்ல, கடையில் கொடுக்கப்பட்டுப் பணம் கோரப்பட்டதுதான் ஈபாக்ட்2-இல் வரும். நோயாளிப் பதிவுகள் இருக்கும் உங்கள் எமிஸ் மென்பொருள் திரையில் 100 காட்டி, இதில் 93 வந்தால் யாரும் தப்புச் செய்யவில்லை. ஏழு பேர் மருந்து வாங்கவில்லை, அல்லது அடுத்த மாதம் வாங்கினார்கள். மாதம் முடிந்து ஏறக்குறைய ஆறு வாரம் கழித்துத்தான் கணக்கு வரும். மார்ச்சில் நடந்தது மே நடுவில் தெரியும். அப்புறம், இலையுதிர் காலத்தில் செலவு திடீரென்று மலைபோல் எழுந்தால் பதற வேண்டாம். நீங்களே வாங்கி, நீங்களே போட்ட ஃப்ளூ தடுப்பூசிக்கான கோரிக்கைகள் அவை. ஒரு கூட்டத்தில் இருபது நிமிடம் இதைப் பற்றிக் கவலையோடு விவாதித்தோம். கடைசியில் நர்ஸ் ஒருவர்தான் கையைத் தூக்கினார்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. செலவு ஏறியது என்றால் விலை ஏறியிருக்கும், அல்லது நாம் எழுதுவது மாறியிருக்கும், அல்லது இரண்டும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத அறிக்கையைக் கூட்டத்துக்குக் கொண்டுவரவே கூடாது.

புரிவதற்காக ஒரு சின்னக் கணக்கு. ஒரு மாத்திரை, பெட்டி 2 பவுண்டு. மாதம் 300 பெட்டி எழுதுகிறீர்கள், செலவு 600. அடுத்த வருடம் அதே மாதம் பெட்டி 3 பவுண்டு ஆகிவிட்டது. நீங்கள் கவனமாக இருந்து, தேவையில்லாதவர்களுக்கு நிறுத்தி, 280 பெட்டியாகக் குறைத்திருக்கிறீர்கள். செலவு 840. அறிக்கை என்ன சொல்லும்? 40 சதவீதம் ஏற்றம், சிவப்பு. உண்மையில் உங்கள் கையால் 40 பவுண்டு மிச்சம். விலையால் 280 பவுண்டு கூடுதல். இரண்டு தனிப் பத்தியாகப் போட எக்செல்லில் பத்து நிமிடம் ஆகும். புது அளவைப் பழைய விலையால் பெருக்கினால் போதும். அதற்கு ஈபாக்ட்2-இலிருந்து செலவோடு அளவையும், அதாவது எத்தனை மாத்திரை என்பதையும் எடுத்திருக்க வேண்டும். பெரும்பாலான அறிக்கைகளில் அந்தப் பத்தியே இருப்பதில்லை.

விலை அப்படியா ஏறி இறங்கும் என்று கேட்பவர்கள் உண்டு. ஏறும். என்எச்எஸ்-இன் மருந்து விலைப் பட்டியலான டிரக் டாரிஃபில் கேட்டகரி எம் என்ற பகுதி 2005-இல் வந்தது. பெரும்பாலான சாதாரண ஜெனரிக் (பிராண்ட் பெயர் இல்லாத) மாத்திரைகள் அதில்தான் இருக்கின்றன; மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலை மாறும். மருந்துக் கடைகளுக்கு ஒப்பந்தப்படி சேர வேண்டிய கொள்முதல் லாபம் குறைந்திருந்தால் விலையை ஏற்றுவார்கள்; கூடியிருந்தால் இறக்குவார்கள். அதற்கும் நீங்கள் பிராக்டிஸில் உட்கார்ந்து எழுதுவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சந்தையில் சரக்குத் தட்டுப்பாடு வந்தால் பிரைஸ் கன்செஷன் என்று அந்த மாதத்துக்கு மட்டும் கூடுதல் விலை தருவார்கள். பெரிய உதாரணமும் இருக்கிறது. வலிப்புக்கான ஃபெனிட்டோயின் காப்ஸ்யூல், 2012 செப்டம்பரில் பிராண்ட் பெயரைக் களைந்து ஜெனரிக்காக விற்கப்பட்டது. ஒரு பெட்டி 2.83 பவுண்டிலிருந்து 67.50 பவுண்டுக்குப் போனது. தைராய்டுக்கான லையோதைரோனின் 2009-இல் 20 பவுண்டு, 2017-இல் 248. வலிப்பு நோயாளிக்கு ஃபெனிட்டோயினைச் சட்டென்று மாற்ற முடியாது என்று எல்லா டாக்டருக்கும் தெரியும். ஆனால் அந்த வருட அறிக்கைகளில் அது டாக்டரின் கோடாகத்தான் உயர்ந்திருக்கும்.

"ஒரு ஐட்டத்துக்குச் சராசரிச் செலவு" என்று ஒரு எண் வரும். அதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். சீட்டில் ஒரு மருந்து எழுதினால் ஒரு ஐட்டம்; 28 நாள் மருந்தும் ஒரு ஐட்டம், 56 நாள் மருந்தும் ஒரு ஐட்டம். மறதி உள்ள பாட்டிகளுக்கு வாரவாரம் பிரித்துக் கட்டிக் கொடுக்கச் சொல்லி ஏழு நாள் சீட்டு எழுதும் பிராக்டிஸில் ஐட்டம் நான்கு மடங்காகும், சராசரி சரிந்துவிடும். அவர்கள் சிக்கனமானவர்கள் போலத் தெரிவார்கள்.

மற்ற பிராக்டிஸ்களோடு ஒப்பிடச் செலவை எதால் வகுக்கிறோம் என்பதில் நம் ஊர்க்காரர்கள் அதிகம் இருக்கும் பிராக்டிஸ்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒப்பீட்டுக்காக ஆஸ்ட்ரோ-பியு என்ற எடையைப் பயன்படுத்துகிறார்கள். முதியவர்கள் அதிகம் இருந்தால் அதற்கேற்பச் சலுகை கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது வயதையும் பாலினத்தையும் பார்க்கும். நோயாளி எந்த இனத்தவர் என்று பார்க்காது. தெற்காசியர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு இரண்டிலிருந்து நான்கு மடங்கு அதிகம் என்பது தெரிந்த விஷயம். லண்டனில் நம் ஆட்கள் அதிகமுள்ள ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ பிராக்டிஸ் வைத்துக்கொண்டு, நீரிழிவு மருந்துச் செலவில், நம் ஆட்கள் குறைவாக உள்ள கார்ன்வாலில் இருப்பவரோடு ஒப்பிட்டால் நாம் எப்போதும் சிவப்பில்தான் இருப்போம். அந்த ஒரு மருந்து வகைக்காவது, உங்கள் நீரிழிவுப் பதிவேட்டில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அந்த எண்ணால் வகுங்கள். பதிவேட்டு எண்ணிக்கை, பிராக்டிஸ்களின் தரத்தை அளக்கும் கியூஓஎஃப் கணக்கில் ஏற்கனவே இருக்கிறது, தேடி அலைய வேண்டாம். வகுத்த பிறகும் செலவு கூடுதலாகத் தெரிந்தால் அப்புறம் பேசலாம். அப்போதும் அது தப்பாகத்தான் இருக்கும் என்றில்லை. இதயம் பலவீனமான நீரிழிவு நோயாளிகளுக்கு டாபாக்ளிஃப்ளோசின் வகை மருந்துகளை, சிகிச்சை வழிகாட்டுதல் தரும் அமைப்பான நைஸ் 2022-இல் பரிந்துரைத்தது. அப்போது அதைப் பின்பற்றிய இடங்களில் செலவு ஏறத்தான் செய்தது. ஏறாத பிராக்டிஸைத்தான் நான் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன்.

சரி, எப்படிப்பட்ட அறிக்கைதான் நல்லது? எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். "மாத்திரையாகவோ காப்ஸ்யூலாகவோ கிடைக்கும் மருந்தை, எத்தனை பெரியவர்களுக்குத் திரவமாக எழுதுகிறோம்?" கேள்வி இவ்வளவுதான். ஈபாக்ட்2-இல் மருந்தின் வடிவம் வரை இறங்கி, செலவு வாரியாக அடுக்கினால் ஒரு பக்கம்கூட வராது. ஒரு தடவை அதில் ஒமெப்ரசோல் திரவம் மேலே வந்து நின்றது. காப்ஸ்யூல் ஒரு பெட்டி ஒரு பவுண்டு அளவில் முடியும். திரவம் பல பத்து பவுண்டு. ஈபாக்ட்2-இல் நோயாளியின் பெயர் வராது. ஆகவே எமிஸில் தனியாகத் தேடினேன். நான்கு பேர். மூன்று பேருக்கு உண்மையிலேயே விழுங்க முடியாது, அப்படியே விட்டுவிட்டோம். நான்காவது ஒரு பாட்டி. மகளுக்குப் போன் போட்டேன். "குழாய் எடுத்து ஒரு வருசமாச்சே தம்பி, இப்ப இட்லி தோசையெல்லாம் சாப்பிடுறா. அந்த மருந்து கசக்குதுன்னு தினம் சண்டை" என்றார். ஆஸ்பத்திரியில் மூக்குக் குழாய் இருந்தபோது எழுதியது, ரிப்பீட்டில் ஏறி, அப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. டாக்டர் காப்ஸ்யூலுக்கு மாற்றினார். பாட்டிக்குத்தான் நிம்மதி, மிச்சமான பணம் அப்புறம்.

அதே அறிக்கையை மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்தேன். அந்த வரி இல்லை. வேலை செய்ததா என்று சரிபார்க்கவும் அதே ஒரு பக்கம் போதுமானதாக இருந்தது.

ஒரு எச்சரிக்கையும். இப்படி நுணுக்கமாக வெட்டிய அறிக்கையை பிராக்டிஸுக்கு வெளியே வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஒரே ஒருவர் எடுக்கும் அரிய மருந்து என்றால், பெயர் இல்லாவிட்டாலும் அவர் யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும். நம் ஊர் ஆட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த கூட்டத்துக்கு முன்னால், உங்கள் மருந்தாளுநரிடம் "அறிக்கை எடு" என்று சொல்லாமல், ஒரு கேள்வியை எழுதிக் கொடுங்கள். விலை எவ்வளவு, நம் கை எவ்வளவு என்று இரண்டு பத்தியில் கேளுங்கள். டாக்டர்களின் பெயர் உள்ள பக்கத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். ரிப்பீட் யார் பெயரில் போகிறது என்று சரிபார்த்து முடியும்வரையாவது. மேனேஜர் அக்காமார் அந்தப் பெயர் மாற்றும் வேலையை ஒரு மதியத்தில் முடித்துவிடலாம், நான் கூட உட்காருகிறேன்.

அந்த பிராக்டிஸில் இப்போது ரிப்பீட்டை ஐந்து டாக்டர்களின் பெயருக்கும் பிரித்துவிட்டோம். அக்கா இன்னும் இரண்டு நாள்தான் வருகிறார். போன கூட்டத்தில் அறிக்கை ஒன்றரைப் பக்கம். பேசி முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆனது. சமோசா மிஞ்சிவிட்டது.

இப்படிக்கு,
வடமேற்கு லண்டனிலிருந்து ஒரு பிராக்டிஸ் மருந்தாளுநர்