தொப்பியைக் கழற்றாதே

தோ பாயோ, சிங்கப்பூர்,
டிசம்பர் 9

அன்பு மகளுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சிரித்துக்கொண்டே சொன்ன செய்தி இன்னும் என் மனத்தைவிட்டு அகலவில்லை. இங்கிலாந்தின் நியூகாசிலில் 5 டிகிரி குளிரில், இரண்டு கம்பளிச் சட்டைக்கு மேல் தடித்த ஜாக்கெட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நீ பேருந்துக்குக் காத்திருந்தபோது, உன்னோடு வீடு பகிர்ந்திருக்கும் பெண் மெல்லிய சட்டையோடு வந்து, "குளிர்காலம் இன்னும் வரவே இல்லையே" என்று கேலி செய்தாளாம். அன்று முதல் நீ தொப்பி போடுவதை விட்டுவிட்டாயாம். நம் ரத்தம் வெயிலுக்கென்றே அமைந்த ரத்தம் என்றும் சொன்னாய். அம்மா குறுக்கே பேசிக்கொண்டே இருந்ததால் நான் சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

பதிவான கணக்கில் 19 டிகிரிக்குக் கீழே இறங்கியதே இல்லாத தீவில் இருந்துகொண்டு அப்பா குளிரைப் பற்றிப் பேசுகிறாரே என்று நீ நினைக்கலாம். 2018 ஜனவரியில் 21, 22 டிகிரிக்கு இறங்கியதற்கே காப்பிக்கடையில் பாதிப் பேர் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்த ஊர்தான் நம் ஊர். ஆனால் உன் அப்பா 22 ஆண்டுகளாக ஜூரோங்கில் உறையவைத்த இறைச்சியும் மீனும் அடுக்கும் கிடங்கில் வேலை பார்ப்பவன். கதவுக்கு வெளியே 32 டிகிரி, உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே 20. ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு முறை அந்தக் கதவைத் தாண்டுகிறேன்.

சேர்ந்த முதல் வாரத்தில் பெட்டிகளை எண்ணிக் குறிக்க உள்ளே போனேன். பேனா எழுதவில்லை, மை இறுகிவிட்டது. கையுறையைக் கழற்றி, பேனாவை உள்ளங்கையில் உருட்டிச் சூடேற்றி எழுதப் பார்த்தேன். சற்று நேரத்தில் இரண்டு விரல்நுனிகள் மெழுகுபோல வெளுத்து, கிள்ளினாலும் தெரியாமல் போயின. வெளியே வந்தபின் அவற்றில் ரத்தம் திரும்பும்போது வந்த வலியை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. மேற்பார்வையாளர் ஒன்றும் திட்டவில்லை. ஒரு பென்சிலை நீட்டினார், அவ்வளவுதான். அன்றிலிருந்து என் சட்டைப்பையில் பென்சில்தான்.

அப்போது எங்களோடு வடசீனாவின் ஹார்பினிலிருந்து வந்த ஒருவர் வேலை பார்த்தார். ஜனவரி இரவுகளில் எங்கள் கிடங்கைப் போலவே குளிரும் ஊர் அது. அவர் எங்களையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டு அரைக்கைச் சட்டையோடு உள்ளே போவார் என்று எதிர்பார்த்தேன். நடந்தது நேர்மாறு. காதுவரை தொப்பியை இழுத்துவிட்டு, கழுத்தைச் சுற்றி, மணிக்கட்டில் இடைவெளி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, எல்லாருக்கும் பிறகு கடைசியாக உள்ளே நுழைபவர் அவர்தான். இராமநாதபுரத்திலிருந்து வந்த நம் பையன்கள்தாம் "அஞ்சு நிமிஷ வேலைதானே" என்று ஜாக்கெட்டைத் திறந்துபோட்டுக்கொண்டு ஓடுவார்கள். அதைவிட வேடிக்கை, அலுவலக அறையில் ஏர்கான் 23 டிகிரியில் ஓடினால் முதலில் முறையிடுபவரும் அந்த ஹார்பின்காரரே. அவர்கள் ஊரில் குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் வெப்பமூட்டி ஓடுமாம், உள்ளே பனியனோடு இருப்பார்களாம். சீனாவில் ஹுவாய் ஆற்றுக்குத் தெற்கே வீடுகளைச் சூடாக்கும் அந்தப் பொது ஏற்பாடு இல்லை. அங்கே வேலை பார்த்த ஒரு குளிர்காலத்தில் நடுங்கியதுபோல் தம் சொந்த ஊரில் ஒருநாளும் நடுங்கியதில்லை என்றார்.

இதையே ஐரோப்பாவில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1997இல் வெளியான ஓர் ஆய்வில், வெப்பநிலை 18 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் இறப்பு எவ்வளவு கூடுகிறது என்று கணக்கிட்டார்கள். ஏதென்ஸில் 2.15 விழுக்காடு, பனியிலேயே வாழும் தென் பின்லாந்தில் 0.27 விழுக்காடு. வெளியே 7 டிகிரி இருக்கும் நாளில் ஏதென்ஸில் 100க்கு 13 பேர் தொப்பி அணிந்தார்கள், பின்லாந்தில் 72 பேர். வீட்டுக்கூடத்தின் சூடும் பின்லாந்தில்தான் கூடுதல். குளிரை அறிந்தவர்கள் அதோடு மல்லுக்கு நிற்பதில்லை, தங்களை மூடிக்கொள்கிறார்கள். உன் வீட்டுப் பெண் ஏதென்ஸ்காரர்களைப் போல நடந்துகொள்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவளிடம் இதைச் சொல்லிவைக்காதே.

ஆனாலும் அவளுக்கு உன்னைவிடக் குளிர் குறைவாகத் தெரிகிறது என்பதும் பொய்யில்லை. உடம்பு பழகும். நெதர்லாந்தில் 17 பேரை நாளுக்கு 6 மணி நேரம் வீதம் 10 நாள் 15, 16 டிகிரி அறையில் இருக்கச் செய்தார்கள். முடிவில் அவர்களுடைய நடுக்கம் குறைந்தது. சூடு உண்டாக்குவதற்கென்றே உடம்பில் இருக்கும் பழுப்புக் கொழுப்பின் வேலை கூடியது. கொரியாவில் கடலில் மூழ்கிச் சிப்பியும் பாசியும் எடுக்கும் பெண்கள் முன்பு பருத்தி உடையோடு குளிர்காலத்திலும் இறங்குவார்கள், அவர்கள் உடம்பு குளிர்காலத்தில் கூடுதலாகச் சூட்டை உண்டாக்கும். 1970களில் ரப்பர் உடை வந்தது. சில ஆண்டுகளில் அந்தத் திறன் மறைந்துவிட்டது. ரத்தத்தில் ஊறிய குணமாக இருந்தால் உடையை மாற்றியதும் போய்விடுமா? ஆகவே நம் ரத்தம் என்ற பேச்சை விட்டுவிடு. நீ போய் மூன்று மாதம்தான் ஆகிறது.

வெள்ளிக்கிழமை இரவு அந்த ஊர் இளைஞர்கள் மேலங்கி இல்லாமல் திரிவதைப் பார்த்து வியந்ததாகவும் சொன்னாய். குடித்தவனுக்குத் தோலுக்கு ரத்தம் பாய்வதால் கதகதப்பாகத் தோன்றும். உண்மையில் உடம்பின் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். அதைத் தாங்கும் சக்தி என்று எண்ணிவிடாதே.

கிடங்கில் கற்றதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: குளிரைவிட ஈரம் பொல்லாதது. பேருந்தைப் பிடிக்க ஓடி வியர்த்தால், உள்ளே போட்டிருக்கும் பருத்திச் சட்டை அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உன் சூட்டை உறிஞ்சும். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி இருக்கட்டும். நடக்கும்போது மேலே திறந்துவிடு, நின்றவுடன் மூடு.

மயில் குளிரில் நடுங்குகிறது என்று பேகன் போர்வை கொடுத்த கதையைச் சின்ன வயதில் உனக்குச் சொல்லியிருக்கிறேன். மயிலுக்கு இறகு போதாதா என்று அப்போதே கேட்டாய். இப்போது அம்மா உனக்காக நான்காவது கம்பளிச் சட்டையைப் பொட்டலம் கட்டுவதைப் பார்க்கும்போது அந்தக் கேள்வி நினைவுக்கு வருகிறது. வேண்டாம் என்று எழுதிவிடாதே, போட்டுக்கொள்ளாவிட்டாலும் வாங்கி வை.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. கட்டணத்துக்குப் பயந்து இரவில் ஹீட்டரை அணைத்துவிட்டுப் படுக்கிறாய் என்று உன் பேச்சில் தெரிந்தது. குளிர்நாடுகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்கவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்த மாதக் கட்டணத்தை நான் அனுப்புகிறேன், மார்ச் வரை அனுப்புவேன். அம்மாவின் பொட்டலத்தில், ரசப்பொடிக்குக் கீழே, கிடங்கில் நாங்கள் பயன்படுத்துவது போன்ற சிறிய வெப்பமானி ஒன்றை வைத்திருக்கிறேன். கட்டிலுக்கு அருகே மாட்டிவிட்டு, காலையில் எழுந்ததும் என்ன எண் காட்டுகிறது என்று ஒரு வாரம் எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா