பரிசேயன் எதையும் கேட்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜெபத்தில் தாழ்மை வேண்டும் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடவுளைத் தண்டிக்கக் காத்திருக்கும் நீதிபதியாகக் காட்டிவிடுகிறார்கள். அவரைத் தகப்பன் என்று எழுதுகிறவர்களோ, கேட்டதை எல்லாம் கொடுத்தே தீரவேண்டியவராக ஆக்கிவிடுகிறார்கள். தங்கள் ஆன்மிகப் பகுதியில் வரும் கட்டுரைகளிலும் இந்த இரண்டு போக்கும் தெரிகின்றன. வேதத்தில் இவை இரண்டாகப் பிரிந்து நிற்கவில்லை. அவர் தகப்பன் என்று நம்புகிறவனால்தான் தாழ்மையோடு கேட்க முடிகிறது.

லூக்கா 18:9-14-இல் இயேசு சொல்லும் உவமையில், ஆலயத்துக்கு ஜெபிக்க வரும் பரிசேயனையே (வேதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவைச் சேர்ந்தவன்) எடுத்துக்கொள்வோம். அவன் பெருமைக்காரன் என்பதோடு பிரசங்கங்கள் முடிந்துவிடும். ஆனால் அவன் சொன்னதில் பொய் இருந்ததாக இயேசு சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் ஆத்துமாக்களைத் தாழ்மைப்படுத்தும்படி, அதாவது உபவாசிக்கும்படி, லேவியராகமம் 16:29 கட்டளையிடுகிறது. இவன் வாரத்தில் இரண்டுதரம் உபவாசித்தான். சம்பாத்தியம் அனைத்திலும் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, கொடுத்தான். ஜெபத்தைத் தொடங்கியதுகூட ஸ்தோத்திரத்தோடுதான். பிறகு எங்கே கெட்டது? அந்த ஜெபத்தில் ஒரு விண்ணப்பமும் இல்லை. கணக்கு ஒப்புவித்தான், தூரத்தில் நின்ற ஆயக்காரனை (வரி வசூலிப்பவனை) அளவுகோலாக வைத்துத் தன்னை அளந்தான், போய்விட்டான். ஆயக்காரனின் ஜெபமோ தமிழ் வேதாகமத்தில் நான்கே சொற்கள்: ‘தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.’ நான்கும் சேர்ந்து ஒரே விண்ணப்பம். நீதிமானாக்கப்பட்டு வீடு திரும்பியவன் அவன்தான்.

கூடி ஜெபிக்கும்போது இந்தப் பரிசேயக் குரலைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. ‘இந்தச் சகோதரியின் பிடிவாதத்தை மாற்றும்’ என்று, அந்தச் சகோதரி பக்கத்தில் முழங்காலிட்டிருக்கும்போதே சத்தமாகச் சொல்வது ஜெபமல்ல, கண்டனம். பிறருடைய குடும்பச் சிக்கலை ஜெபக்குறிப்பு என்ற பெயரில் விவரமாக விரிப்பதும் அப்படித்தான். பெயரும் தேவையும் போதும், மீதியைக் கர்த்தர் அறிவார். முழங்காலிடுவதைத் தாழ்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். சாலொமோன் ராஜா முழங்காலிட்டான், சாமுவேலின் தாய் அன்னாள் நின்று ஜெபித்தாள். பரிசேயனும் ஆயக்காரனும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பிழை உண்டு. அது பக்தியைப் போலவே தோன்றுவதால் எளிதில் கண்ணில் படாது. லூக்கா 15-இல் இயேசு சொல்லும் உவமையில், தகப்பனிடம் பங்கைப் பிரித்து வாங்கி அழித்துவிட்டுப் பன்றி மேய்த்த இளைய குமாரன், வீடு திரும்புமுன் தயார்செய்த பேச்சில் மூன்று பகுதிகள் இருந்தன: பாவஞ்செய்தேன், உம்முடைய குமாரன் என்று சொல்லப்பட நான் பாத்திரன் அல்ல, கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். தகப்பனுக்கு முன்னால் அவன் முதல் இரண்டைச் சொல்கிறான் (வசனம் 21). மூன்றாவது வருவதற்குள் தகப்பன் ஊழியக்காரரைக் கூப்பிட்டு உயர்ந்த வஸ்திரத்தையும் மோதிரத்தையும் பாதரட்சைகளையும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். பாவ அறிக்கைக்கு இடம் உண்டு, கூலிக்காரனாக இறங்கிக்கொள்ளத்தான் இடம் இல்லை. நான் புழு, நான் தூசி என்று அரைமணி நேரம் அடுக்கிக்கொண்டே போகிற ஜெபம் அந்த மூன்றாவது வாக்கியத்தைத்தான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. வீட்டிலேயே இருந்த மூத்த குமாரனோ கூலிக்காரனாகவே பேசுகிறான்: இத்தனை வருஷம் ஊழியஞ்செய்தேன், ஒரு ஆட்டுக்குட்டியாவது கொடுத்தீரா? அவன் பேச்சில் ‘தகப்பனே’ என்ற ஒரு அழைப்புகூட இல்லை. தகப்பன் மட்டும் அவனை ‘மகனே’ என்கிறார்.

விசுவாசம் இருந்தால் ‘உம்முடைய சித்தம்’ என்று சேர்க்கக்கூடாது, உரிமையோடு கட்டளையிட வேண்டும் என்று இப்போது பலர் கற்பிக்கிறார்கள். அப்படியானால் இயேசு பிடிபடுமுன் கெத்செமனேயில் ஏறெடுத்த ஜெபத்தை என்னவென்பது? மாற்கு 14:36-இன் வரிசையைக் கவனிக்கலாம். முதலில் ‘அப்பா பிதாவே’, அடுத்து ‘எல்லாம் உம்மாலே கூடும்’, பிறகு, பாத்திரத்தை (வரவிருந்த பாடுகளை) எடுத்துப்போடும் என்ற வெளிப்படையான வேண்டுகோள், கடைசியில்தான் ‘ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே’ என்பது. வேண்டுகோளை விழுங்கிவிட்டு நேரே கடைசிப் பகுதிக்குத் தாவுவதும் தவறுதான், அது பெரும்பாலும் சோர்வு. அப்போஸ்தலனாகிய பவுல், தன் மாம்சத்திலிருந்த ‘முள்’ என்று அவன் சொன்ன வேதனை நீங்கும்படி மூன்றுதரம் வேண்டினான். கிடைத்தது ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்ற பதில். அப்பத்தைக் கேட்ட மகனுக்கு எந்தத் தகப்பனும் கல்லைக் கொடுப்பதில்லை என்கிறது மத்தேயு 7:9. மகன் அறியாமல் கல்லையே கேட்டாலும் நல்ல தகப்பன் அதைக் கொடுக்கமாட்டார் என்பதையும் அதனோடு சேர்த்தே யோசிக்க வேண்டும்.

ஜெபிக்கப் பழகுகிறவர்களுக்கு, ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று தொடங்கும் கர்த்தருடைய ஜெபமே போதுமான சட்டகம். நாமம், ராஜ்யம், சித்தம் என்று முதல் மூன்று வேண்டுதல்களும் பிதாவைப் பற்றியவை. நம்முடைய தேவை அதற்குப் பிறகுதான். கேட்பது அன்றன்றுள்ள ஆகாரம், பத்து வருஷத்துக்கான சேமிப்பல்ல. ‘எங்கள்’ என்று வருகிறதே ஒழிய ‘என்’ என்று ஓரிடத்திலும் வரவில்லை. பலர் வேகமாகக் கடந்துபோகும் இடம் மன்னிப்பு. ஆனால் அந்த ஜெபத்தை முடித்த கையோடு இயேசு திரும்பவும் எடுத்துப் பேசியது அதைத்தான் (மத்தேயு 6:14-15). அங்கே நின்று, மன்னிக்கவேண்டிய ஒருவரின் பெயரை மனதில் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

போதகர்களுக்கும் ஜெபக்குழு நடத்துகிறவர்களுக்கும் ஒன்று. அடித்த தகப்பனிடமோ விட்டுப்போன தகப்பனிடமோ வளர்ந்தவர்களுக்கு ‘பிதாவே’ என்று வாய் திறப்பதே பாடாக இருக்கும். அதை அவிசுவாசம் என்று கடிந்துகொள்ள வேண்டாம். சங்கீதங்களில் பெரும்பாலானவை ‘கர்த்தரே’, ‘தேவனே’ என்றுதான் அவரைக் கூப்பிடுகின்றன. அவர்களும் அப்படியே தொடங்கட்டும். ‘என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்’ என்ற சங்கீதம் 27:10-ஐ அவர்களுக்கு வாசிக்கக் கொடுங்கள். ‘பிதாவே’ என்ற சொல் வரும்போது வரட்டும்.

இப்படிக்கு,
வேதபாட ஆசிரியர் ஒருவர்