செல்வத்துக்கு, மைலேஜ் பற்றி

கோவை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்குச் சென்னைக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். சேதி கேட்டதும் அம்மா சாமிக்கு விளக்கேற்றிவிட்டார். அவருக்கு மூட்டுவலி இப்போது பரவாயில்லை, காலையில் தெருமுனை வரை நடக்கிறார்.

சரி, கார் விஷயத்துக்கு வருகிறேன். பழைய டீசல் வண்டியைக் கொடுத்துவிட்டு பின்னால் டிக்கி தனியாக நீளும் செடான் கார் ஒன்று எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். டீசல் மைலேஜை மறந்துவிடு. ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா இரண்டிலும் டீசல் 2023-லேயே நின்றுபோனது. இனி பெட்ரோல், இல்லாவிட்டால் பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட்.

கம்பெனிக் கணக்கு இது: வெர்னா 1.5 லிட்டர் இன்ஜின், டர்போ இல்லாத சாதா பெட்ரோல், கையால் கியர் போடும் மேனுவல் லிட்டருக்கு 18.6 கிலோமீட்டர், ஆட்டோமேட்டிக் 19.6. சிட்டி மேனுவல் 17.8, ஆட்டோமேட்டிக் 18.4. ஆட்டோமேட்டிக் என்றாலே பெட்ரோல் குடிக்கும் என்ற பழைய பேச்சு இந்த இரண்டுக்கும் பொருந்தாது. ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் இரண்டின் ஒரு லிட்டர் டர்போவில் (காற்றை அழுத்தி உள்ளே தள்ளிச் சக்தி கூட்டும் இன்ஜின்) மட்டும் அது இன்னும் உண்மை. மேனுவல் 19-ஐத் தாண்டும், ஆட்டோமேட்டிக் 18 சொச்சம்தான். சிட்டி ஹைபிரிட் தனி ரகம், 27 என்கிறார்கள்.

ஆனால் இந்த எண்கள் சோதனைக்கூடத்து உருளைமேல் வண்டியை ஓட வைத்து, ஏ.சி. போடாமல் எடுத்தவை. வேகமும் 90-ஐத் தாண்டாது. நம் வெயிலில் ஏ.சி. இல்லாமல் யார் ஓட்டுகிறார்கள்? வண்டிக்கு வண்டி ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அவற்றை வைத்துக்கொள்.

வண்டியைவிட ரோடுதான் மைலேஜைத் தீர்மானிக்கிறது என்பது எனக்கு அவிநாசி ரோட்டில் தெளிவாகத் தெரிந்தது. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தார்கள். ஜி.டி. நாயுடு பெயரை வைத்திருக்கிறார்கள். மோட்டாரோடு வாழ்ந்த மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை இல்லை. கீழே ஹோப் காலேஜ் பக்கம் சிக்னல் சிக்னலாக நின்று போனால் என் வண்டித் திரை 11, 12 என்று காட்டும். அதே வண்டி, அதே பெட்ரோல், மேலே ஒரே சீராகப் போனால் 18-க்கு ஏறிவிடுகிறது.

ஹைபிரிட்டுக்குப் பலன் கிடைப்பது கீழே இருக்கும் அந்த நெரிசலில்தான். மெதுவாக ஊரும்போது மின்மோட்டாரே வண்டியை இழுக்கிறது, பிரேக் போடும்போது வீணாகும் சக்தி பேட்டரிக்குத் திரும்புகிறது. நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது இன்ஜினே நேராகச் சக்கரத்தை ஓட்டுகிறது, அங்கே லாபம் குறைவு. உனக்கு மதுரைக்குள் ஓட்டம் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் சென்னை ஹைவே.

பணக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர், அத்தனையும் டவுனுக்குள் என்றே வைத்துக்கொள். சாதா வண்டி 12 கொடுத்தால் 1,000 லிட்டர், ஹைபிரிட் 20 கொடுத்தால் 600 லிட்டர். பெட்ரோல் நூறு ரூபாய் என்றால் வருஷத்துக்கு 40,000 மிச்சம். வண்டி விலையில் வித்தியாசம் மூன்று லட்சம் என்றாலே அதை எடுக்க ஏழெட்டு வருஷம் ஆகும். ஹைவேயில் ஓடும் உனக்கு அதற்கு மேலும் ஆகும். அப்புறம் டிக்கி. சாதா சிட்டியில் 506 லிட்டர், ஹைபிரிட்டில் பேட்டரி இடம் பிடித்துக்கொள்வதால் 306. ஹாஸ்டலுக்குப் போகும் பிள்ளையின் பெட்டி, படுக்கை, பக்கெட் எல்லாம் அதில் அடங்காது. வெர்னாவில் 528. அதனால் உனக்கு என் ஓட்டு வெர்னா சாதா பெட்ரோல் ஆட்டோமேட்டிக்குக்குத்தான். டர்போவுக்குக் காகிதத்தில் 20-க்கு மேல் போட்டிருந்தாலும், உன் வலது காலை எனக்குத் தெரியும், வேண்டாம்.

வேகத்தையும் கொஞ்சம் கவனி. 90-லிருந்து 120-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்காகிறது. திருச்சி தாண்டி ரோடு காலியாக இருக்கிறதே என்று மிதித்தால் பெட்ரோல் முள் இறங்குவது கண்ணுக்கே தெரியும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் கொஞ்சம் குறைந்தால் உடனே வண்டியைக் குறை சொல்லாதே.

வண்டி வந்ததும் திரையை மட்டும் நம்பாமல் டேங்க் டு டேங்க் பார். பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கு. பாதி டேங்குக்கு மேல் ஓட்டிய பிறகு அதே பங்க்கில் மறுபடி அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை நிரம்பிய லிட்டரால் வகு. பங்க் பையன் ரவுண்டாக்கச் சொட்டுச் சொட்டாக விடப் பார்ப்பான், விடாதே. கணக்கும் தப்பும், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் டப்பாவுக்கும் கெடுதல்.

டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம்காரர் காட்டும் ரோட்டில் போகாமல், காளவாசல் வழியாக உன் ஆபீஸ் நேரத்தில் ஓட்டிப் பார். தை பிறந்ததும் நான் மதுரைக்கு வருவேன், அதுவரை அட்வான்ஸ் கொடுக்காமல் இருந்தால் சேர்ந்தே போய்ப் பார்க்கலாம். தங்கச்சியையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி