உன் பேருக்கு வந்த அழைப்பிதழ்

செங்கல்பட்டு
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். டெல்லியில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று டிவியில் காட்டினார்கள். அந்த மெரூன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொள். காதை மூடிக்கொள்.

பருப்புப் பொடி பார்சல் திரும்பி வந்துவிட்டது. மேலே ஹிந்தியில் ஏதோ கிறுக்கியிருந்தது. "ஆள் இல்லைன்னு போட்டிருக்கும்மா" என்றார் போஸ்ட்மேன். அங்கே இருக்கிற தபால்காரன் மாடி ஏறச் சோம்பல்பட்டு எழுதியிருப்பான், அவ்வளவுதான். அப்பாவிடம் சொல்லவில்லை. பீரோ மேல் சூட்கேஸுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் வந்தது. உன் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜிலிருந்து உன் பேருக்கு அழைப்பிதழ். பழைய மாணவர்களில் பேர் சொல்லும்படி வந்தவர்களுக்கு மரியாதை செய்கிறார்களாம். உன் தபாலைப் பிரித்தது தப்புதான். நீ இப்படி மாசக்கணக்கில் பேசாமல் இருந்தால் நான் எதைத்தான் பிரித்துப் பார்ப்பது? சரி, விடு.

அப்பாவிடம் பல் டாக்டர் என்று சொல்லிவிட்டு, எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்துத் தாம்பரம் போய்விட்டேன். உன்னைச் சேர்த்த அன்று பெட்டியும் வாளியும் தூக்கிக்கொண்டு மரங்களுக்கு நடுவே நடந்தோமே, அதற்கப்புறம் உள்ளே போனது இப்போதுதான். வாட்ச்மேனிடம் அழைப்பிதழைக் காட்டினேன். "நீங்க எந்த செட்டும்மா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்தாவதோடு நின்றவளைப் பார்த்து!

ஆண்டர்சன் ஹாலில் கடைசிக்கு முந்தின வரிசை. பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்துக்கொண்டேன். யாராவது வந்தாலும் வரலாம் என்று.

பேச்சுப் பேச்சாகப் பேசினார்கள். 1837-ல் பள்ளிக்கூடமாக ஆரம்பித்ததாம். ஹைகோர்ட் பக்கம் இருந்த காலேஜ் 1937-ல் தாம்பரம் வந்ததாம். 365 ஏக்கர், வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. எலெக்ஷன் கமிஷனராக இருந்த சேஷன் இங்கே பிசிக்ஸ் படித்தவர், பெப்சி கம்பெனியை 12 வருஷம் நடத்திய இந்திரா நூயி இங்கே படித்தவர் என்று அடுக்கினார்கள். அதெல்லாம் நீ முதல் வருஷமே சொன்னதுதான். நான் சாம்பார் கிளறிக்கொண்டே "ம்" கொட்டினேன்.

ஜனாதிபதியாக இருந்த ராதாகிருஷ்ணன் கதை மட்டும் எனக்குப் புதுசு. அவர் ஆசைப்பட்டுத் தத்துவம் எடுக்கவில்லையாம். வீட்டில் கஷ்டம். சொந்தக்காரப் பையன் ஒருத்தன் தான் படித்து முடித்த தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தானாம். காசு செலவில்லாமல் வந்ததே என்று அதையே படித்துவிட்டாராம். உனக்கு யாரும் ஒரு புத்தகமும் கொடுக்கவில்லை. நீயாக ஆசைப்பட்டு, அப்பாவோடு எட்டு நாள் பேசாமல் இருந்து வாங்கிய சீட் அது.

நம்ம தமிழறிஞர் பரிதிமாற்கலைஞரும் அங்கே தத்துவம் படித்தவர்தானாம். அப்போது பிரின்சிபாலாக இருந்த மில்லர் துரை தத்துவம் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டபோது, தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், அது போதும் என்றாராம். படித்ததை விட்டுவிட்டு வேறே போனார். அதனால் அவருக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. இன்றைக்கும் மேடையில் வைத்துப் பேசுகிறார்கள். சும்மா எழுத வேண்டும் என்று தோன்றியது, எழுதினேன். ஆனால் பாவம், 33 வயதில் காசநோயில் போய்விட்டார். நீ ராத்திரி கண் விழிக்காதே. வேளைக்குச் சாப்பிடு. இருமல் இருந்தால் அலட்சியமாக விடாதே. உனக்குச் சின்ன வயசிலிருந்தே நெஞ்சுச் சளி.

கோலத்துக்கு இலக்கணம் எழுதிய ஒரு வாத்தியாரும் அங்கே இருந்தாராம், தெரியுமா? கிஃப்ட் சிரோமணி என்று பேர். புள்ளிவிவரப் பேராசிரியர். இந்தப் புள்ளியிலிருந்து கம்பி எப்படி வளையும், எங்கே திரும்பி வந்து சேரும் என்பதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி விதி எழுதினாராம். எனக்கு உடனே நம் வாசல் ஞாபகம் வந்தது. மார்கழியில் நான் கோலம் போடும்போது படிக்கட்டில் உட்கார்ந்து, "ஏம்மா கம்பி ஆரம்பிச்ச இடத்துக்கே வரணும்? வராட்டி என்ன?" என்று கேட்பாய். வேலை நேரத்தில் என்னடி கேள்வி, சுண்ணாம்புக் கட்டி எடு என்பேன்.

அப்புறம் ஐந்து பேருக்குப் பொன்னாடை, கேடயம். முன்வரிசையிலிருந்து ஒரு பாட்டி ஃபேன் காற்று ஆகவில்லை என்று எழுந்து வந்து, என் பையை எடுத்து என் மடியிலேயே வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அவள் பிள்ளையும் அந்த ஐந்து பேரில் ஒருத்தன். காலில் ரப்பர் செருப்பு, முந்தானையில் முடிச்சு. அவனைப் பற்றி இங்கிலீஷில் படித்தார்கள். "என்னாம்மா சொல்றாங்க?" என்று கேட்டாள். எனக்கு மட்டும் என்ன புரிந்தது? "நல்லா படிச்சான், நல்ல பையன்னு சொல்றாங்க" என்றேன். "அது எனக்குத் தெரியாதா" என்று திரும்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "உங்க புள்ள எது?" என்றாள்.

"பொண்ணு. இன்னைக்கு வரல."

"என்னா படிப்பு?"

தத்துவம் என்றேன். சொன்ன பிறகுதான், இதை என் வாயால் ஒருத்தரிடம் சொல்வது முதல் தடவை என்று உறைத்தது.

உனக்குத் தெரியாத ஒன்று. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாயோ என்னவோ. நீ படித்த மூன்று வருஷமும் காஞ்சிபுரத்து அத்தையிடம், மாடி வீட்டு மாமியிடம், கல்யாண வீடுகளில் எல்லாரிடமும் பி.காம். என்றுதான் சொல்லிவைத்தேன். கிறிஸ்டியன் காலேஜ் என்பதை உரக்கச் சொல்வேன், பி.காம். என்பதை மெதுவாகச் சொல்வேன். அத்தை ஒரு தரம் உன்னிடமே "அக்கவுண்ட்ஸ் கஷ்டமா?" என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய். "பரவாயில்ல அத்தை" என்றாய். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உன் துறையில் உனக்கு முதல் பரிசு கொடுத்த அன்று நான் வரவில்லை. அத்தை மகளுக்கு வளைகாப்பு என்றேன். வளைகாப்பு மறுநாள்தான் பாப்பா. நான் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வந்தால் போட்டோ எடுப்பார்கள், போட்டோ ஹாலில் மாட்டினால் என்ன பரிசு, எதற்குப் பரிசு என்று கேட்பார்கள், பி.காம். பொய் வெளியே வரும். அவ்வளவுதான் காரணம். நீ ராத்திரி வந்து பரிசுப் புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, "உனக்கு இடம் பிடிச்சு வெச்சேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாய். நான் தோசை வேண்டுமா என்று கேட்டேன்.

அத்தையிடம் போன வாரம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அப்போ பேங்க் வேலைக்குப் போகமாட்டாளா?" என்றாள். உன் அத்தை மாறமாட்டாள்.

விழா முடிந்து காபி கொடுக்கும் இடத்தில் உன் ஹாஸ்டல் தோழி, அந்த ராணிப்பேட்டைப் பெண்ணைப் பார்த்தேன். இளைத்திருக்கிறாள். இப்போது வேளச்சேரியில் வேலையாம். என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். நான் எதுவும் கேட்கவில்லை. போன் நம்பர் மட்டும் வாங்கிக்கொண்டேன். நேற்று போன் பண்ணி, அவள் ஆபீசுக்கு ஒரு கவர் அனுப்பினால் உனக்குச் சேருமா என்றேன். "குடுத்துடறேன் ஆன்ட்டி" என்றாள். அனுப்பிடறேன் என்று சொல்லவில்லை. குடுத்துடறேன் என்றாள். நேற்றிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவளை நீ திட்டாதே. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு சுகர் கொஞ்சம் கூடியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. பின்பக்கத்து முருங்கை மழையில் சாய்ந்துவிட்டது. ஆராய்ச்சி, வேலை எதைப் பற்றியும் நீ எழுத வேண்டாம். அப்பா கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன், பொய் சொல்லத்தான் எனக்கு நல்ல பழக்கம் இருக்கிறதே. குளிருக்கு... வேளச்சேரிப் பக்கமெல்லாம் மழைத் தண்ணீர் தேங்கும் என்கிறார்கள், செருப்பைப் பார்த்துப் போட்டுக்கொள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்.

பார்சலை இன்னும் பிரிக்கவில்லை. எண்ணெய் விடாமல் வறுத்து அரைத்தது. தை மாசம் வரைக்கும் கெடாது.

அம்மா