தாவீதைப் பற்றி நீ கேட்டது

அன்புள்ள மகளுக்கு,

ஸ்தோத்திரம். வேதாகமத்தில் வரும் தாவீது ராஜா என்று ஒருவர் இருந்ததே இல்லை என்று வகுப்பில் உன் ஆசிரியர் சொன்னதாகச் சொன்னாய். "இனி அந்த அதிகாரங்களை எப்படிப்பா வாசிக்கிறது?" என்று கேட்டாய். அன்றைக்குப் போனில் எனக்குப் பதில் வரவில்லை. பத்து நாளாக அதே நினைப்புதான்.

முதலில் கல். 'தாண் முதல் பெயெர்செபா மட்டும்' என்று வேதத்தில் வருமே, வட இஸ்ரேலில் இருக்கும் அந்தத் தாணில் 1993-ல் தோண்டியபோது, பிந்திய சுவர் ஒன்றில் வைத்துக் கட்டியிருந்த கல்வெட்டுத் துண்டு கிடைத்தது. கி.மு. 9-ம் நூற்றாண்டு, அரமேய மொழி. 'தாவீதின் வீடு', அதாவது தாவீதின் வம்சம், என்று அதில் இருப்பதாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள். இஸ்ரவேலின் எதிரி ராஜா ஒருவன் வெட்டிவைத்த கல் அது. எதிரியே அந்த வம்சத்தைத் தாவீதின் பெயரால் சொல்கிறான் என்றால், தாவீது இருந்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதற்கு மேல் அந்தக் கல் ஒன்றும் சொல்லாது. அவர் காலத்து எருசலேம் சின்ன மலையூர்தான் என்கிறார் இஸ்ரேல் ஃபிங்கெல்ஷ்டீன் என்ற தொல்லியல் ஆய்வாளர். இருக்கட்டும். ஆடு மேய்த்தவர் சின்ன ஊருக்கு ராஜாவாக இருந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 2 சாமுவேல் 21-ல், எபிரெயத்தில், தாவீது கொன்றதாக நாம் வாசிக்கும் கோலியாத்தை எல்க்கானான் என்ற வேறொருவன் கொன்றதாக இருக்கிறது. அது எனக்கு விளங்கவில்லை. விளங்கினதுபோல உன்னிடம் பேசமாட்டேன்.

அப்புறம், 1 நாளாகமம் 20-ஐ எடுத்துப் பார். ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகும் காலம், படைத்தலைவன் யோவாப் போகிறான், தாவீது எருசலேமிலேயே இருந்துவிடுகிறார். 2 சாமுவேல் 11-ம் இப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் நாளாகமத்தில் நேராக அம்மோனியரின் ரப்பா பட்டணம் விழுகிறது. பத்சேபாளோடு தாவீது செய்த பாவம் அதில் இல்லை. அவள் புருஷன் உரியாவைக் கொல்வித்தது இல்லை. தீர்க்கதரிசி நாத்தான் வந்து "நீயே அந்த மனுஷன்" என்று சொல்வதும் இல்லை. பின்னால் எழுதினவர் அதையெல்லாம் விட்டுவிட்டார். ஆனாலும் சாமுவேலின் புஸ்தகத்தை யாரும் தள்ளிப்போடவில்லை. தங்கள் ராஜாவின் அவமானத்தை ஜனங்கள் இத்தனை தலைமுறையாகச் சத்தமாக வாசித்துப் பாதுகாத்து வந்திருக்கிறார்கள். இது நிரூபணம் ஆகாது என்று உன் ஆசிரியர் சொல்வார். சரிதான், ஆகாது. ஆனால் நான் அந்த மனுஷனை நம்புவது இதனால்தான்.

உனக்கு முன்னால் பிறந்த பிள்ளை ஆறு நாள்தான் இருந்தான். அடக்கம் முடிந்த ராத்திரி நான் 2 சாமுவேல் 12-ஐ வாசித்தேன். வியாதியாய்க் கிடந்த தன் பிள்ளைக்காகத் தரையில் கிடந்த தாவீது, அது இறந்தது தெரிந்ததும் எழுந்து, குளித்து, ஆலயத்துக்குப் போய்வந்து, சாப்பாடு கேட்கிறார். நான்தான் அதனிடத்துக்குப் போவேன், அது என்னிடம் திரும்பி வராது என்கிறார். விடியும்வரை அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை நான். விடிந்ததும் கஞ்சி வைத்து உன் அம்மாவுக்குக் கொடுத்தேன். நானும் குடித்தேன்.

அன்புடன்,
அப்பா