திருநங்கையருக்கு எச்.ஐ.வி. தடுப்பும் பிற மருத்துவமும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டி அளிக்கும் கோரிக்கை மனு

அனுப்புநர்
திருநங்கையர் சமூகக் களப்பணியாளர்களும் ஜமாத் மூத்தோரும்
(பெயர், முகவரி, கையொப்பம் ஆகியவை மூடி முத்திரையிட்ட தனி உறையில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்
திட்ட இயக்குநர் அவர்கள்,
தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம்,
எழும்பூர், சென்னை.

பொருள்: திருநங்கையருக்கான எச்.ஐ.வி. பரிசோதனை, தடுப்பு மாத்திரை, ஹார்மோன் சிகிச்சை, அறுவைக்குப் பிந்தைய கவனிப்பு ஆகியவற்றை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஒரே புறநோயாளிகள் பிரிவில் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

நாங்கள் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்களில் பல ஆண்டுகளாகக் களப்பணி செய்துவரும் திருநங்கையர். எங்களோடு கையொப்பமிட்டிருப்பவர்கள் ஜமாத் வீடுகளை, அதாவது திருநங்கையர் ஒரு குடும்பமாகச் சேர்ந்து வாழும் வீடுகளை, நடத்திவரும் மூத்த அம்மாக்கள். ஆணுறை கொண்டுபோய்க் கொடுப்பது, புதிதாக வந்து சேர்ந்த பிள்ளைகளை எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கு அழைத்துச் செல்வது, தொற்று உறுதியானவர் மருந்தை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்வது ஆகியவை எங்கள் அன்றாட வேலை. அந்த வேலையில் எங்களுக்குப் புலப்பட்ட ஒரு குறையைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவரவே இம்மனுவை அளிக்கிறோம். ஒரு திருநங்கையின் உடலுக்கு வேண்டிய மருத்துவம் பல துறைகளில், பல ஊர்களில், பல நாட்களில் சிதறிக் கிடக்கிறது, எச்.ஐ.வி. தடுப்பு அதிலிருந்து பிரிந்து தனியே நிற்கிறது. இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்தாலொழிய தடுப்புத் திட்டம் எங்கள் சமூகத்தில் வேரூன்றாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986-இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கென ஒரு சங்கத்தை 1994-இல் நாட்டிலேயே முதலாவதாக அமைத்ததும், 2008-இல் திருநங்கையர் நல வாரியத்தை ஏற்படுத்தியதும், அரசு மருத்துவமனையில் பாலின மாற்று அறுவை சிகிச்சையைக் கட்டணமின்றிச் செய்ய முன்வந்ததும் இதே மாநிலம்தான். இருந்தும், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கண்காணிப்பில் நாடு முழுவதும் திருநங்கையரிடையே தொற்று 3.78 சதவீதமாகப் பதிவாகியுள்ளது. அதே ஆண்டு வயதுவந்த பொதுமக்களிடையே மதிப்பிடப்பட்ட அளவு 0.21 சதவீதம். பதினெட்டு மடங்கு வேறுபாடு. இதை விழிப்புணர்வு போதாமை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. எங்கள் வீடுகளில் ஆணுறையைப் பற்றித் தெரியாதவர் இல்லை. எல்லாம் தெரிந்தவர் ஏன் மருத்துவமனைப் படியேறுவதில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

படியேறினால் நடப்பது இது. ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் ஆண்கள் வரிசை, பெண்கள் வரிசை என இரண்டே உண்டு. எதில் நின்றாலும் யாராவது முறைப்பார்கள். ஆதாரில் பழைய பெயர் இருந்தால் சீட்டிலும் அதுவே ஏறும். சேலை கட்டி நிற்பவரை ஆண் பெயர் சொல்லி உரக்க அழைக்கும்போது கூடம் முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. காய்ச்சலுக்கு வந்தவரிடமும் முதல் கேள்வி, எச்.ஐ.வி. பரிசோதனை செய்தாயிற்றா என்பதாகவே இருக்கிறது. வேறெதற்கும் நம்மைத் தேடாத மருத்துவத் துறை இந்த ஒன்றுக்கு மட்டும் தேடி வருகிறது என்ற மனக்குறை ஜமாத்துக்குள் நெடுங்காலமாக உண்டு. அந்த மனக்குறையோடு தினமும் வாதாடுவதுதான் எங்கள் களப்பணியில் பாதி.

எங்கள் பெண்கள் தாமாகத் தேடிப்போகும் மருத்துவம் ஹார்மோன் சிகிச்சையும் அறுவை சிகிச்சையும்தான். சென்னை, மதுரை அரசு மருத்துவமனைகளில் இதற்கெனத் தனிப் பிரிவுகள் இருந்தாலும், தொலைவில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து வீட்டைவிட்டு வெளியேறி வந்த பத்தொன்பது வயதுப் பிள்ளை அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே மருந்துக் கடைக்குப் போய்விடுகிறாள். யாரோ ஒரு மூத்தவள் சொன்ன அளவில், பெண் ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரைகளை நாளொன்றுக்கு மூன்று, நான்கு என விழுங்குகிறாள். அவளுடைய கல்லீரலையோ இரத்தக் கொதிப்பையோ எவரும் பார்ப்பதில்லை. காலில் இரத்தம் உறைந்து வீங்கிய பிறகே மருத்துவரிடம் வந்தவர்களை நாங்கள் அறிவோம். இதே பிள்ளைக்கு இரத்தப் பரிசோதனை செய்து முறையாக ஹார்மோன் எழுதித் தரும் மருத்துவர் ஒருவர் அந்த மாவட்டத்திலேயே இருந்தால், அவள் சொன்ன தேதிக்குத் தவறாமல் வந்து நிற்பாள். எடுக்கிற அந்த இரத்தத்திலேயே, அவளுடைய ஒப்புதலோடு, எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி ஆகியவற்றையும் பார்த்துவிடலாம். நாங்கள் கெஞ்சிக் கூட்டிவர வேண்டிய தேவையே இருக்காது.

அறுவைக்குப் பிந்தைய நிலையும் இதுபோன்றதே. சிறுநீர்த் துவாரம் சுருங்கி, சொட்டுச் சொட்டாகப் போகும் வேதனையை ஆண்டுக்கணக்கில் சகித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். எந்தத் துறைக்குப் போவது என்றே அவர்களுக்குத் தெரிவதில்லை. அறுவை செய்துகொண்டால் தொற்று அண்டாது என்ற தவறான நம்பிக்கையும் எங்களுக்குள் உண்டு. மருத்துவமனையிலிருந்து அனுப்பும் நாளில் பத்து நிமிடம் உட்கார வைத்துப் பேசினால் அது தீர்ந்துவிடும்.

தொற்று வருமுன் எடுத்துக்கொள்ளும் பிரெப் மாத்திரையை, தொற்று அபாயம் மிகுந்த அனைவருக்கும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் 2022-இல் அதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. எங்கள் பகுதியில் இன்றும் அதைச் சொந்தப் பணத்தில் தனியாரிடம் வாங்க வேண்டியிருக்கிறது. வாங்குபவர்களுக்கும் சரியான விவரம் சொல்வாரில்லை. உறவுக்கு முன்னும் பின்னும் மட்டும் போட்டுக்கொள்ளும் முறை, ஈஸ்ட்ரோஜன் எடுக்கும் திருநங்கையருக்குப் பரிந்துரைக்கப்படவில்லை. அவர்கள் தினமும் எடுக்க வேண்டும். இது தெரியாமல் அரைகுறையாகப் போட்டுக்கொள்பவர் ஒருபுறம். மாத்திரை ஹார்மோனைக் குறைத்துவிடும் என்று அஞ்சி நிறுத்திவிடுபவர் மறுபுறம். இரண்டையும் சேர்த்தே எடுக்கலாம் என்பதை நாங்கள் நூறு முறை சொன்னாலும், ஹார்மோன் எழுதித் தருகிற மருத்துவரே ஒரு முறை சொன்னால்தான் நம்புவார்கள்.

மாத்திரை டப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பது மாத்திரை உள்ள டப்பா கைப்பையில் குலுங்கினாலே, 'இவளுக்கு ஏதோ இருக்கிறது' என்ற பேச்சு எழும். அதனால் டப்பாவுக்குள் பஞ்சை அடைக்கிறார்கள்; லேபிளைச் சுரண்டுகிறார்கள்; சத்து மாத்திரை டப்பாவில் மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். தொற்றுள்ளவரும் தடுப்புக்காக எடுப்பவரும் இதில் ஒரே பாடுதான் படுகிறார்கள். தொற்று வராமல் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்டுக்கொள்ளும் லெனகாபவிர் ஊசியை உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூலையில் பரிந்துரைத்திருக்கிறது. அது அரசுத் திட்டத்துக்குள் வரும்போது முதலில் பெறுவோரில் எங்கள் சமூகமும் இருக்க வேண்டும் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறோம்.

நாங்கள் கேட்பது சட்டத்துக்குப் புறம்பானது அன்று. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 15-ஆம் பிரிவு, எச்.ஐ.வி. கண்காணிப்பு மையங்களையும், அறுவை, ஹார்மோன் உள்ளிட்ட மருத்துவ வசதிகளையும், காப்பீட்டையும் அடுத்தடுத்து வைத்தே அரசின் கடமையாகச் சொல்கிறது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017-இன் 3-ஆம் பிரிவு, மருத்துவ சேவை பெறுவதற்கு எச்.ஐ.வி. பரிசோதனையை முன்நிபந்தனையாக்குவதையும், தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதையும் தடை செய்கிறது. ஆயினும், அறுவைக்காகப் பதிவு செய்து காத்திருந்த எங்கள் பெண்ணொருத்திக்கு, தொற்று இருப்பது தெரிந்த பிறகு தேதி தள்ளிக்கொண்டே போனது. எவரும் மறுத்துச் சொல்லவில்லை. எழுத்தில் எதுவும் தரவில்லை. 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்பதுதான் கடைசிவரை கிடைத்த பதில். கடைசியில் கடன் வாங்கி வேறு மாநிலத்தில் செய்துகொண்டாள்.

ஒரே கூரையின்கீழ் எல்லாம் என்பது நடைமுறைக்கு ஒவ்வாத ஆசையும் அன்று. 2021-இல் ஹைதராபாத்தில் தொடங்கிய மித்ர் கிளினிக்கில் பொது மருத்துவம், ஹார்மோன் ஆலோசனை, மனநல ஆலோசனை, எச்.ஐ.வி. சேவை ஆகிய அனைத்தும் ஓரிடத்தில், பெரும்பாலும் எங்கள் சமூகத்தவர் கையால் வழங்கப்பட்டன. 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் அதன் கதவு மூடப்பட்டது. எனவே இத்தகைய பிரிவு தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைக்குள், அரசின் சொந்த நிதியில் அமைய வேண்டும் என்பதை அழுத்தமாகச் சொல்கிறோம்.

ஆகவே, முதற்கட்டமாகச் சில மாவட்டங்களிலாவது, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் மாலை வேளையில் இந்தப் பிரிவு இயங்க ஆணையிடுமாறு வேண்டுகிறோம். இரவில் தொழிலுக்குப் போகிறவர்களும் காலையில் கடை கடையாகக் காசு கேட்கப் போகிறவர்களும் காலை ஓ.பி.க்கு வர இயலாது என்பதால் மாலை நேரத்தை வலியுறுத்துகிறோம். பெயர்ப் பலகையில் எச்.ஐ.வி. என்ற எழுத்துகள் வேண்டாம்; அதைப் பார்த்தால் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். சீட்டில் அவரவர் சொல்லும் பெயர் இருக்கட்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் எல்லாத் தவணைகளும், ஆணுறையோடு ஜெல்லும் தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும். ஆலோசகராகவும் நோயாளிகளுக்கு வழிகாட்டுபவராகவும் திருநங்கையரை மதிப்பூதியத்தில் வைக்காமல், மாதச் சம்பளத்தில் நியமிக்க வேண்டும். எங்கள் களப்பணியை எத்தனை காலம் சேவை என்றே சொல்லிக்கொண்டிருப்பது என்று கேட்கவும் எங்களுக்கு உரிமை உண்டு.

அரசின் கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்துகளோடு நின்றுவிடுவதால், மாவட்டத் தலைநகருக்கு வர வெளியூர்ப் பேருந்து ஏறுகிறவர்களுக்குப் பயணப்படி தர வேண்டும். இருபது பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி இருக்க வேண்டிய புகார் அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஓ.பி. வாசலிலேயே எழுதப்பட வேண்டும். சித்திரையில் கூவாகம் திருவிழாவுக்குப் பல மாநிலங்களிலிருந்து எங்கள் மக்கள் திரளும்போது நடத்தப்படும் பரிசோதனை முகாம்களிலும், தொற்று உறுதியாகிறவரை அவருடைய சொந்த மாவட்டத்துப் பிரிவில் பெயர் சொல்லி ஒப்படைக்கும் ஏற்பாடு வேண்டும்; முகாம் கலைந்ததும் அவர் எங்கே போனார் என்று தெரியாமல் போவது இப்போது வழக்கமாகிவிட்டது.

இக்கோரிக்கைகள் குறித்து மருத்துவக் கல்வித் துறை, சமூக நலத் துறை அலுவலர்களும் எங்கள் பிரதிநிதிகளும் கலந்துகொள்ளும் கூட்டமொன்றைத் தாங்கள் கூட்டுமாறும், எடுக்கப்படும் முடிவை எழுத்து மூலம் எங்களுக்குத் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எங்களுள் தொற்றுள்ளவர்களும் கையொப்பமிட்டிருப்பதால், இணைப்பு உறையிலுள்ள பெயர்களைக் கோப்பில் சேர்க்காமல் தங்கள் பொறுப்பிலேயே வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
திருநங்கையர் சமூகக் களப்பணியாளர்களும் ஜமாத் மூத்தோரும்

நகல்: மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநர், சமூக நலத் துறை ஆணையர்.