நட்பைக் கொச்சைப்படுத்தியவர்கள் ரசிகர்கள் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சூப்பர் ஹீரோயின்கள் பற்றிய கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருக்கிறது. இரண்டு பெண்கள் தோளோடு தோள் நின்றாலே காதல் என்று ஜோடி சேர்த்துவிடும் ரசிகர்கள், தூய நட்பைக் கொச்சைப்படுத்துகிறார்களாம். மற்ற பக்கங்களோடு எனக்கு வழக்கில்லை. 'கொச்சை' என்ற அந்தச் சொல்லைத் தாண்டித்தான் என்னால் போக முடியவில்லை. ஆணும் பெண்ணும் ஒரு மொட்டைமாடியில் ஒருமுறை சந்தித்துப் பேசினால் அதைக் காதலின் தொடக்கம் என்று உங்கள் இதழே எழுதுகிறது. அங்கே கொச்சையாகாத காதல் இங்கே மட்டும் ஏன் கொச்சையாகிறது?

இந்த வாசிப்பை ரசிகர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1954-இல் மனநல மருத்துவர் பிரெட்ரிக் வெர்தாம் பேட்மேனையும் ராபினையும் ஒருபாலினக் காதலர்களின் கனவு என்று எழுதினார். வொண்டர் உமனை அதன் பெண் வடிவம் என்றார். அவர் எழுதியது குற்றச்சாட்டு. அதே ஆண்டில் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட காமிக்ஸ் கோட் என்ற தணிக்கை விதி, இத்தகைய காதலை வக்கிரம் என்று பெயரிட்டுத் தடுத்தது. அதோடு நிற்காமல், அதைக் குறிப்பால் உணர்த்துவதையும் தடுத்தது. 1989-இல்தான் அந்த விதி தளர்ந்தது. பெரிய பதிப்பகங்களான மார்வெல் 2001-இலும் டிசி 2011-இலும், அந்த விதிக்கு உட்பட்டது என்று அட்டையில் பதிக்கும் முத்திரையையே கைவிட்டன. வெர்தாம் தன் சான்றுகளைத் திரித்திருந்தார் என்று அவருடைய கோப்புகளைப் பார்த்து ஆய்வாளர் கரோல் டில்லி 2012-இல் வெளியிட்ட ஆய்வும் தாங்கள் அறியாததல்ல. இவ்வளவும் தெரிந்த இதழில், ரசிகர்களின் கற்பனை என்ற ஒரே வரியில் விஷயத்தை முடித்தது வருத்தமளிக்கிறது.

குறிப்புக்கே தடை என்றால் எழுத்தாளர் அதற்கும் கீழே போய் ஒளித்துவைப்பார். மார்வெலின் எக்ஸ்-மென் கதைகளில் மிஸ்டிக், டெஸ்டினி என்ற இரு பெண் பாத்திரங்களை 1981 முதல் சேர்த்தே நடமாடவிட்ட எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மாண்ட் அதைத்தான் செய்தார். 1990-இல் வந்த 265-ஆம் இதழில், டெஸ்டினி மிஸ்டிக்குக்கு யார் என்பதைச் சொல்ல, காதலி என்று பொருள்படும் வழக்கொழிந்த ஆங்கிலச் சொல் ஒன்றை ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்தார். அகராதியைப் புரட்டிய வாசகருக்கு விளங்கியது. எக்ஸ்-மென் நாயகர்களில் ஒருவரான நைட்கிராலர் இந்த இருவருக்கும் பிறந்த பிள்ளை என்று கிளேர்மாண்ட் யோசித்திருந்த கதைக்கு அப்போது அனுமதி கிடைக்கவில்லை. 2019-இல் இருவரும் முத்தமிடுவது பக்கத்திலேயே வந்தது. 2023-இல் நைட்கிராலரின் பிறப்பும் அவர் நினைத்தபடியே எழுதப்பட்டது. 42 ஆண்டுகள்! இத்தனைக்கும் பிறகு, உங்கள் எக்ஸ்-மென் தொடரில் டெஸ்டினி 'மிஸ்டிக்கின் நெருங்கிய தோழி' என்று அச்சானது. அப்போதே எழுதினேன். கடிதமும் வரவில்லை, திருத்தமும் வரவில்லை. சொல்லாததைப் படிப்பதற்கு உள்ளுறை என்று பெயரிட்டு இலக்கணம் வகுத்த மொழியில் வரும் இதழ், அப்படிப் படிப்பவர்களைக் குறை சொல்வது வலிக்கிறது.

ஒரே கட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதும் ரசிகரை நானும் ஏற்பதில்லை. அட்டைப்படம் சான்றாகாது. கடைகளின் முன்பதிவுக்காக அதைச் சில மாதங்கள் முன்பே வரைந்துவிடுவார்கள். பல சமயம் உள்ளே வரைபவர் வேறொருவர், கதையும் முடிந்திருக்காது. முகங்கள் ஒட்டி நிற்பதும் சான்றாகாது. பக்கத்தை ஆறு கட்டங்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றின் அகலமும் மூன்று அங்குலம் அளவே வரும். அதற்குள் இரண்டு முகங்கள், மேலே இரண்டு வசன பலூன்கள். நெருக்கி வரையாமல் வழியில்லை. 1990-களின் ஓவியர்கள் சிலர் பெண் உடலை வளைத்து வளைத்து வரைந்ததும் வாங்கும் ஆண் வாசகருக்காக, எதிரே நிற்கும் தோழிக்காக அல்ல.

கவனித்துப் படிப்பவர்கள் பார்ப்பது வேறு. முதலில் முழு இதழ். பிறகு அதே எழுத்தாளரின் முன்னும் பின்னுமாக ஐந்தாறு இதழ்கள். ஓவியர் மாறிய பிறகும் அந்தக் கை அதே தோளில் இருக்கிறதா? சண்டை முடிந்ததும் அவள் முதலில் தேடுவது யாரை? வசனமே இல்லாத கட்டம் யாருடைய முகத்துக்குக் கொடுக்கப்படுகிறது? 'சகோதரி' என்ற சொல் எந்த இடத்தில் வந்து விழுகிறது? கடைசிக் கேள்வி முக்கியம். மார்வெல் முறையில் கதைச் சுருக்கத்தை வைத்து ஓவியர் வரைந்து முடித்த பிறகே வசனம் எழுதுவார்கள். அதனால் படம் ஒன்று சொல்ல, பலூன் வேறொன்று சொல்லி அதை மூடப் பார்ப்பதுண்டு. அந்த விரிசலில்தான் ரசிகர்கள் கண்வைக்கிறார்கள்.

இப்படிப் பார்த்தபின் நட்பாகவே நிற்பவையும் உண்டு. 1981-இல் கோல்டன் கேட் பாலத்திலிருந்து வீசப்பட்ட மார்வெல் நாயகி கரோல் டான்வர்ஸைக் காப்பாற்றும் ஸ்பைடர் உமன் ஜெசிகா ட்ரூவை நான் தோழியாகவே படிக்கிறேன். டிசியின் நாயகிகள் ஆரக்கிளும் பிளாக் கேனரியும் அப்படியே. 1996-இல் இருவரும் சேர்ந்தபோது பிளாக் கேனரிக்கு ஆரக்கிள் காதில் ஒலிக்கும் ஒரு குரல் மட்டுமே. முகம் தெரியாமலே வளர்ந்த நட்பு அது. ஆனால் அங்கேயும் ரசிகர்கள் காதலைக் காண்பதற்குக் காரணம் புரிகிறது. பிளாக் கேனரியின் காதலர் கிரீன் ஆரோ 1995-இல் இறந்தவர், 2001-இல்தான் திரும்பினார். மாதத்துக்கு இருபத்திரண்டு பக்கங்களில் மனம்விட்டுப் பேசும் கட்டங்கள் எல்லாம் இந்த இருவருக்கே போய்ச் சேர்ந்தன. அதை வேறுமாதிரி படித்தவர் எந்தக் கட்டத்தையும் அழித்துவிடவில்லை. என் வாசிப்பும் அவரால் குறையவில்லை.

கட்டுரையாளர் கேலியாகக் குறிப்பிட்ட, பேட்மேன் கதைகளின் வில்லிகளான ஹார்லி குவின் - பாய்சன் ஐவி ஜோடி அவருக்கே எதிரான சாட்சி. 1993-இல் ஒளிபரப்பான கார்ட்டூன் அத்தியாயத்திலிருந்தே ரசிகர்கள் சொல்லிவந்ததை, 2015-இல் ஹார்லி இதழின் எழுத்தாளர்கள் அமண்டா கானரும் ஜிம்மி பால்மியோட்டியும் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்கள். பேட்வுமன் விஷயத்தில் வெளிப்படையாக எழுதியும் பயனில்லை. பேட்வுமனான கேட் கேன் 2006 முதலே பெண்ணைக் காதலிப்பவளாக எழுதப்பட்ட பாத்திரம். அவளுக்கும் அவள் காதலி மேகி சாயருக்கும் திருமணம் நடத்தக் கூடாது என்று டிசி தடுத்ததால், 2013-இல் அதன் எழுத்தாளர்கள் வில்லியம்ஸும் பிளாக்மனும் அந்த இதழிலிருந்தே விலகினார்கள். கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

கட்டுரையோடு வெளியிட்ட படத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டு பக்கமும் வெட்டப்பட்ட ஒற்றைக் கட்டம் அது. இடது ஓரத்தில் ஒரு பலூனின் வால் மட்டும் தொங்குகிறது. பேசுவது யார், என்ன பேசுகிறார் என்று தெரியவில்லை. இதழ் எண், ஆண்டு, ஓவியர் பெயர் எதுவும் இல்லை. ரசிகர்கள் ஆதாரமில்லாமல் பேசுகிறார்கள் என்ற வரிக்குப் பக்கத்திலேயே அது இருந்தது. வரைந்தவர், மை தீட்டியவர், வண்ணமிட்டவர், எழுத்துப் பொறித்தவர் என்று ஒரு பக்கத்துக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்க, பல வருடங்களாக உங்கள் இதழில் எழுத்தாளர் பெயர் மட்டுமே வருகிறது. இதையும் முன்பே எழுதியிருக்கிறேன்.

இனி காமிக்ஸ் படம் வெளியிடும்போது கட்டத்தை வெட்டாமல் போடுங்கள். கீழே இதழ் எண், ஆண்டு, எழுத்தாளர், ஓவியர் என ஒரு வரி சேருங்கள். அடுத்த இதழின் திருத்தப் பகுதியில், டெஸ்டினி மிஸ்டிக்கின் மனைவி என்று அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்